8 மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், உடம்பு ஏறவே இல்லை

கேள்வி: சார், எனக்கு 27 வயது. உயரம் 172 செ.மீ., எடை 63 கிலோ. 8 மாதமாக வாரத்தில் 6 நாள் ஜிம்முக்குப் போகிறேன். தினமும் ஒன்றரை மணி நேரம் வெயிட், அப்புறம் தொப்பைக்காக 40 நிமிடம் ட்ரெட்மில். உடம்பு பழகிவிடக் கூடாது என்று வீடியோக்களைப் பார்த்து வாரத்துக்கு வாரம் பயிற்சியை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். தினம் 2 ஸ்கூப் புரோட்டீன் பவுடர். திங்கள் முதல் சனி வரை ராத்திரியில் மாவுச்சத்தைத் தொடுவதில்லை, ஞாயிறு மட்டும் இஷ்டம்போல் சாப்பிடுவேன். ஆனாலும் கை குச்சி மாதிரியே இருக்கிறது, இடுப்பு 82 செ.மீ., தொப்பை லேசாகத் தொங்குகிறது. எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதலில் தொப்பையைக் குறைக்கவா, முதலில் தசை ஏற்றவா? கூட வருகிற நண்பர் ஒரு கோர்ஸ் ஊசி போட்டால் 3 மாதத்தில் தெரியும் என்கிறார். கிரியேட்டின் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ராத்திரி 1 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறேன். பெஞ்ச் பிரஸ் செய்யும்போது வலது தோள் வேறு வலிக்கிறது. லீன் மசில் வர என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும்?

பதில்:

வணக்கம் தம்பி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எத்தனை ஸ்கூப், இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறீர்கள். எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்பதைத்தான் எங்கேயும் சொல்லவில்லை. 8 மாதத்துக்கு முன்னால் ஸ்குவாட்டில், அதாவது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சியில், எவ்வளவு போட்டீர்கள், போன வாரம் எவ்வளவு போட்டீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் போன வாரம் செய்த பயிற்சி இந்த வாரம் உங்கள் பட்டியலிலேயே இருக்காது. உங்கள் பிரச்சினையில் பாதி இதுதான். மீதிப் பாதி சாப்பாட்டிலும் தூக்கத்திலும் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. லீன் மசில் என்று தனி வகைத் தசை ஒன்றும் கிடையாது. நீங்கள் ஆசைப்படுவது தசை ஏறவேண்டும், அதன்மேல் படியும் கொழுப்பு அதிகமாகக் கூடாது என்பது. நியாயமான ஆசை, நடக்கக்கூடியதும்தான். ஆனால் அதற்கென்று தனிப் பயிற்சி, தனி பவுடர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தசையை வளர்ப்பது கனமான எடை, கொழுப்பு எவ்வளவு சேரும் என்பதைத் தீர்மானிப்பது சாப்பாட்டின் அளவு. லேசான எடையை 30, 40 தடவை ஆட்டினால் தசை பிரிந்து தெரியும் 'கட்' வரும், கனமாகத் தூக்கினால் குண்டாகிவிடுவோம் என்கிற பேச்சையெல்லாம் இதோடு மறந்துவிடலாம்.

உடம்பு தேவையில்லாமல் தசையைச் சேர்த்துவைக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தசைக்குத் தீனி போட வேண்டும் அல்லவா, அதனால் இருப்பதை வைத்துச் சமாளிக்க முடியாது என்ற நிலை திரும்பத் திரும்ப வந்தால்தான் புதிதாகக் கட்டும். 1940களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்டு வந்த சிப்பாய்களின் மெலிந்துபோன தொடைகளை வைத்து இதை முறையாகச் செய்து காட்டினார். அதுவரை இப்படிப்பட்டவர்களுக்கு லேசான எடையைக் கொடுத்து நிறைய தடவை நீட்டி மடக்கச் சொல்வதுதான் வழக்கம். அவர் ஒருவரால் 10 தடவை மட்டுமே தூக்க முடிகிற கனத்தைக் கண்டுபிடித்து அதை வைத்துப் பயிற்சி கொடுத்தார், பலம் ஏற ஏற அந்தக் கனத்தையும் ஏற்றிக்கொண்டே போனார். 1945இல் இதைக் கட்டுரையாக எழுதினார். இன்று ஜிம்மில் நாம் செய்யும் 10 ரெப் செட்டுக்கு, அதாவது நிற்காமல் 10 தடவை தூக்கும் ஒரு சுற்றுக்கு, அந்த மருத்துவமனை வார்டில் ஒரு வேர் இருக்கிறது. இதில் ஏற்றிக்கொண்டே போவதுதான் உயிர், அது இல்லாவிட்டால் எத்தனை மணி நேரம் வியர்த்தாலும் மிஞ்சுவது களைப்புதான்.

உடம்பு பழகிவிடக் கூடாது என்று மாற்றுகிறேன் என்கிறீர்கள். தம்பி, பழகத்தான் வேண்டும். ஒரு பயிற்சியைப் புதிதாகத் தொடங்கும்போது முதல் சில வாரம் ஏறுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. எந்தத் தசையை எப்போது இறுக்க வேண்டும், எதைத் தளர விட வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அது படிந்த பிறகுதான் தசைக்கு வேலை முழுதாகப் போய்ச் சேரும் அளவுக்கு உங்களால் கனம் போட முடியும். நீங்கள் ஒவ்வொரு வாரமும் அந்தக் கற்றல் கட்டத்திலேயே நின்றுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறீர்கள். மறுநாள் உடம்பு அடித்துப் போட்டது போல் வலிக்கும், ஏனென்றால் பழக்கமில்லாத அசைவு எதுவானாலும் 24 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை வலி இருக்கலாம். அந்த வலியைப் பார்த்து வேலை நடந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். வலிக்காமலும் தசை வளரும், தினம் வலித்தும் வளராமல் போகும். நீங்கள் இரண்டாவதை 8 மாதம் அனுபவித்துவிட்டீர்கள்.

கொஞ்ச காலத்துக்கு முன்னால் உங்களைப் போலவே ஒருவர் என்னிடம் வந்தார். ஸ்குவாட்டில் 40 கிலோ போட்டு 10 ரெப், அதற்குமேல் முடியாது என்றார். சரி, நான் பின்னால் நிற்கிறேன், ரேக்கில் பாதுகாப்புக் கம்பியும் இருக்கிறது, நான் சொல்கிறவரை நிறுத்தாதீர்கள் என்றேன். 10 வரை ஒரே வேகத்தில் போனார், முகத்தில் மட்டும் கஷ்டம் தெரிந்தது. 13இல் மூச்சு பலமாக வாங்கினார். 16ஆவது ரெப்பில்தான் முதல்முறையாகக் கம்பி மேலே வரும் வேகம் குறைந்தது, பாதி உயரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு ஏறியது. 18இல் கம்பியை ரேக்கில் வைத்தார். அப்படியென்றால் அத்தனை மாதமாக ஒவ்வொரு செட்டிலும் இன்னும் 8 ரெப் கையில் வைத்துக்கொண்டே நிறுத்தியிருக்கிறார். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன், நெஞ்சு படபடப்பதையும் தொடை எரிவதையும் எல்லை என்று தப்பாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் அந்தக் கம்பியின் வேகம். நீங்கள் முழு பலத்தோடு தள்ளும்போதும் அது தானாக மெதுவாகிறது என்றால் இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் பாக்கி, அங்கே நிறுத்துங்கள். சுருண்டு விழுகிற வரை போகத் தேவையில்லை, அதுவும் ஸ்குவாட், டெட்லிஃப்ட் மாதிரியானவற்றில் வேண்டவே வேண்டாம்.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். வாரத்துக்கு 3 நாள் போதும், திங்கள் புதன் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கனமான பயிற்சிக்குப் பிறகு தசை கட்டும் வேலை ஒரு நாள், ஒன்றரை நாள் அதிகமாக நடக்கும், அதற்குள் அதே தசையை மறுபடி போட்டு அடிப்பதால் பெரிய லாபமில்லை. முதல் நாள் ஸ்குவாட், மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், உட்கார்ந்து இழுக்கும் கேபிள் ரோ. அடுத்த நாள் ருமேனியன் டெட்லிஃப்ட், நின்றுகொண்டு தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ், மேலிருந்து கம்பியை மார்புக்கு இழுக்கும் புல்-டவுன். இந்த இரண்டு நாளும் மாறி மாறி வரும். கடைசியில் கைக்கு முழங்கையை மடக்கித் தூக்கும் ஒரு கர்ல், மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸுக்கு ஒன்று. எல்லாமே 3 செட், செட்டுக்கு 6 முதல் 10 ரெப், கைக்கு மட்டும் 10 முதல் 15. இவ்வளவுதானா என்று தோன்றும். ஒழுங்காகச் செய்தால் இதுவே முதல் 3 மாதத்துக்குத் தாராளம். பிறகு ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு 10 செட் வருகிற மாதிரி மெல்லக் கூட்டலாம், செட் கூடக் கூட வளர்ச்சியும் ஓரளவு கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 20 செட்டை அரைகுறையாகச் செய்வதைவிட 6 செட்டை உயிரைக் கொடுத்துச் செய்கிறவர்தான் முன்னேறுவார் என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். போனில் ஆப் வேண்டாமா என்று கேட்பீர்கள், போனை எடுத்தால் செட்டுக்கு நடுவில் வேறு எங்கேயோ போய்விடுவீர்கள், அதனால் நோட்டு. தேதி, பயிற்சி, எடை, ரெப், இதற்குமேல் எதுவும் எழுத வேண்டாம். உதாரணமாக முதல் நாள் ஸ்குவாட் 40 கிலோ, 8, 8, 7 என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அதே 40 கிலோவில் 9, 8, 8 முயற்சி செய்யுங்கள். அதற்கடுத்து 10, 9, 8. என்றைக்கு மூன்று செட்டிலும் 10 வந்துவிடுகிறதோ அதற்கு அடுத்த முறை 42.5 கிலோ. ரெப் மறுபடி 7க்கு இறங்கும், அங்கிருந்து மறுபடி ஏறுங்கள். ஜிம்முக்குள் நுழையும்போதே இன்றைக்கு எந்த எண்ணைத் தாண்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் வாரா வாரம் ஏறும், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதற்கப்புறம் இன்னும் மெதுவாக. ஒரு பயிற்சியில் மூன்று, நான்கு முறை தொடர்ந்து எண் நகரவே இல்லையென்றால் எடையில் 10 சதவீதம் குறைத்துவிட்டு மறுபடி ஏறி வாருங்கள்.

செட்டுக்கு நடுவே நன்றாக ஓய்வெடுங்கள். பெரிய பயிற்சிகளில் 2 முதல் 3 நிமிடம், கைப் பயிற்சியில் ஒன்றரை நிமிடம். ஏற்கெனவே பழகியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 1 நிமிடமும் மற்றதற்கு 3 நிமிடமும் ஓய்வு கொடுத்து 8 வாரம் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் 3 நிமிடக்காரர்களுக்குத்தான் பலமும் தொடைத் தசையும் அதிகம் ஏறின. வியர்வை நிற்கக் கூடாது என்று அவசரப்பட்டால் அடுத்த செட்டில் மூச்சுதான் முதலில் தோற்கும், தசைக்குப் போக வேண்டிய வேலை போகாது.

ருமேனியன் டெட்லிஃப்ட்டைப் பலர் தப்பாகச் செய்து முதுகைப் பிடித்துக்கொண்டு வருவதால் அதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். கம்பியைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து நில்லுங்கள், முழங்காலை லேசாகத் தளர்த்தி அந்த அளவிலேயே வைத்திருங்கள். பின்னால் ஒரு கதவு திறந்து கிடக்கிறது, கையில் சாமான் இருப்பதால் அதை இடுப்பாலேயே தள்ளிச் சாத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பின்பக்கத்தை நேராகப் பின்னுக்குத் தள்ளுங்கள். கம்பி தொடையை உரசிக்கொண்டு முழங்காலைத் தாண்டி இறங்கும்போது தொடையின் பின்பக்கம் கயிறு போல் இழுபடும். அந்த இழுப்பு நின்று முதுகு வளையத் தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே திரும்பி மேலே வந்துவிடுங்கள். சிலருக்கு அது முழங்காலுக்குக் கீழேயே வந்துவிடும், தரையைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இப்போது சாப்பாடு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வார நாளில் உங்கள் உடம்புக்குப் போதாத அளவு சாப்பிடுகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பற்றாக்குறையை மொத்தமாக ஈடுகட்டிவிடுகிறீர்கள். 8 மாதம் எடை அசையவில்லை என்றால் வாரக் கணக்கில் வரவும் செலவும் சரியாகப் போயிருக்கிறது என்றுதானே பொருள்? உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் வேலைக்கும் அது ஒரு நாளைக்குச் சராசரியாக 2,300, 2,400 கலோரி பக்கம் இருக்கும். அதோடு ஒரு 250 சேர்த்து, ஏழு நாளும் ஏறத்தாழ ஒரே மாதிரி சாப்பிடுங்கள். ஒரு பெரிய டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தாலே அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். 1,000 கலோரி சேர்த்தால் நாலு மடங்கு வேகத்தில் தசை வராது, தசை கட்டும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது, மிஞ்சுவது முழுக்க இடுப்பில்தான் போய் உட்காரும்.

ராத்திரி மாவுச்சத்தைத் தொடாமல் இருப்பதால் உங்களுக்கு எந்த நன்மையும் நடக்கவில்லை. சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோ மணி பார்த்துக் கொழுப்பாக மாறுவதில்லை, நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்தம்தான் கணக்கு. கனமாகத் தூக்கும்போது தசை எரிப்பது பெரும்பாலும் அதற்குள் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்தைத்தான். அதை நிரப்பாமல் மறுநாள் கம்பிக்கு அடியில் போய் நின்றால் 8 வர வேண்டிய இடத்தில் 6தான் வரும். தயவுசெய்து ராத்திரி வயிறாரச் சாப்பிடுங்கள்.

புரதத்துக்கு ஒரு நம்பகமான எண் உண்டு. 2018இல் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூட தசைக்குப் பலன் கூடியது, அதற்குமேல் தெளிவான லாபம் தெரியவில்லை. உங்கள் 63 கிலோவுக்கு அது 100 கிராம். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் 100க்கும் 120க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் 30, மீனில் 20க்குக் கொஞ்சம் மேலே, 200 மில்லி பாலில் 6 அல்லது 7, உலர்ந்த சோயா துண்டு 50 கிராமில் 25, வெந்த பருப்பு 100 கிராமில் 9. பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல உணவு, நார்ச்சத்தும் கிடைக்கிறது, ஆனால் ஒரு சின்னக் கரண்டி ஊற்றிக்கொண்டு புரதம் சாப்பிட்டாயிற்று என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர், அந்தக் கரண்டியில் 4 கிராம் இருந்தால் அதிகம். வேர்க்கடலை வெண்ணெயும் அப்படித்தான். இரண்டு மேசைக்கரண்டியில் 190 கலோரி, அதில் முக்கால்வாசி கொழுப்பிலிருந்து வருவது, புரதம் 7 கிராம்தான். எடை ஏற உதவும், புரதக் கணக்கில் நம்பி உட்காராதீர்கள்.

அந்த 100 கிராமை 4 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 25. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் வீண் என்பதெல்லாம் இல்லை, முன்னும் பின்னும் சில மணி நேரத்துக்குள் ஒழுங்கான சாப்பாடு இருந்தால் போதும். உங்கள் பவுடரில் ஒரு ஸ்கூப்புக்கு 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அது பால் பொருள்தான், மருந்து இல்லை, மந்திரமும் இல்லை. சாப்பாட்டிலேயே 100 வந்துவிடுகிற நாளில் அது தேவையில்லை, வராத நாளில் ஒன்றோ இரண்டோ ஸ்கூப் கைகொடுக்கும்.

முதலில் தொப்பையா, தசையா என்ற கேள்விக்கு வருகிறேன். பொதுவாக இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். உங்கள் உயரத்தில் பாதி 86, உங்கள் இடுப்பு 82. ஆகவே குறைக்கும் வேலை இப்போது வேண்டாம். தொப்பையாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதற்கு மேலேயும் கீழேயும் தசை இல்லாததுதான், தோளும் முதுகும் தொடையும் நிரம்பினால் அதே 82 சென்டிமீட்டர் வேறு மாதிரி தெரியும். சரியான பயிற்சியை இதுவரை செய்யாதவர் என்பதால் உங்களுக்கு முதல் சில மாதம் தசை ஏறுவதும் கொழுப்பு கொஞ்சம் கரைவதும் ஒன்றாகவே நடக்க வாய்ப்பு அதிகம். இதைப் படிக்கிறவர்களில் இடுப்பு அந்தப் பாதியைத் தாண்டியவர்கள் இருந்தால் அவர்கள் கலோரியைக் குறைத்தே தொடங்கலாம், அவர்களுக்குப் புரதம் இன்னும் முக்கியம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016இல் அதிக எடையுள்ள 40 இளைஞர்களுக்குக் கலோரியை 40 சதவீதம் குறைத்து 4 வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ இறங்கி, கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ ஏறியது. 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ இறங்கியது, மற்றது ஏறவில்லை, இருந்ததைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டையே கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று செய்த ஆய்வு அது, வீட்டில் அவ்வளவு கடுமையாக யாரும் இறங்க வேண்டாம், பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெட்மில்லை வாரத்துக்கு 2 நாள், 25 நிமிடம் வேக நடை என்று குறையுங்கள், அதுவும் வெயிட் இல்லாத நாளில். இதயத்துக்கு நல்லது, விட்டுவிட வேண்டாம். தொப்பைக்காக என்று மட்டும் செய்யாதீர்கள், ஓடுவதாலோ வயிற்றுப் பயிற்சி செய்வதாலோ வயிற்றுக் கொழுப்பை மட்டும் குறிபார்த்து எடுக்க முடியாது.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை. 5 மணி நேரம் போதவே போதாது. 2010இல் சிகாகோவில் 10 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. அதே ஆட்கள், அதே குறைந்த கலோரிச் சாப்பாடு, 14 நாள் ராத்திரி எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு 14 நாள் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்த நாட்களில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது, மிச்சம் தசை முதலான நல்ல எடையிலிருந்து போயிற்று. அவர்கள் வெயிட் தூக்கியவர்கள் இல்லை, இருந்தாலும் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது அல்லவா? வாரத்தில் 6 நாள் ஜிம்மை 3 நாளாக்கினால் உங்களுக்கு மிச்சமாகிற நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். முதல் மாதம் 12.15க்கு விளக்கை அணையுங்கள், அடுத்த மாதம் 11.30. ஒரே நாளில் மாற்ற முயன்றால் படுக்கையில் புரள்வதுதான் மிஞ்சும்.

கிரியேட்டினுக்கு வீட்டில் பயப்படுவது புரிகிறது, ஆனால் ஆரோக்கியமான சிறுநீரகத்தை அது கெடுப்பதாக ஆதாரம் இல்லை, மிக அதிகம் ஆராயப்பட்ட துணை உணவுகளில் அது ஒன்று. பயம் எங்கிருந்து வருகிறது என்றால், கிரியேட்டின் உடம்பில் கிரியேட்டினினாக மாறி வெளியேறுகிறது, சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் பார்ப்பதும் அதே கிரியேட்டினினைத்தான், அதனால் சாப்பிடுகிறவருக்கு அந்த எண் சற்று உயர்ந்து தெரியலாம். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் இதைச் சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மோனோஹைட்ரேட் வகை, தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. முதல் வாரங்களில் ஒரு கிலோ வரை எடை ஏறினால் அது தசைக்குள் போகும் தண்ணீர், பயப்பட வேண்டாம். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை, தனி அமினோ பவுடர் இதற்கெல்லாம் காசைக் கொட்டாதீர்கள்.

ஊசி வேண்டாம். இதில் நான் வளைந்து கொடுத்துப் பேச மாட்டேன். அந்த ஊசி வழியாக வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வந்தால் உங்கள் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கை விழும், நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. மார்பு பெண்மார்பு போல் வீங்கலாம், ரத்தக் கொழுப்பு கெடும், இதயச் சுவர் தடிக்கும். சீசாவுக்குள் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. உங்கள் நண்பர் சொல்கிற மாதிரி உடம்பு ஏறும் என்பது உண்மைதான், அதனால்தான் இது ஆபத்து. 1996இல் மருத்துவக் கண்காணிப்பில் நடந்த ஆய்வில், வாரா வாரம் ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களுக்கு 10 வாரத்தில் கொழுப்பல்லாத எடை சுமார் 3 கிலோ ஏறியது, ஊசி இல்லாமல் ஒழுங்காக வெயிட் தூக்கியவர்களுக்குச் சுமார் 2 கிலோ. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் வீடியோவில் பார்க்கிற உடம்புகளில் எது எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாது. அவர்கள் செய்யும் பயிற்சியை அப்படியே செய்தும் நமக்கு ஏன் வரவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

எடையைத் தினமும் காலையில் கழிப்பறை போய் வந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன் பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒரு கிலோ ஆட்டிவைக்கும். வாரத்துக்கு 150 முதல் 250 கிராம் ஏறினால் சரியான பாதை. 3 வாரம் நகரவில்லையென்றால் இன்னும் 150 கலோரி சேருங்கள், வாரத்துக்கு அரை கிலோவாக ஏறினால் அதே அளவு குறையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தொப்புளுக்கு நேராக இடுப்பை அளந்து பாருங்கள். ஜிம்மில் ஏறி நின்றால் தசை இத்தனை சதவீதம் என்று அச்சடித்துத் தருகிற மெஷினை நம்பி மனம் உடைய வேண்டாம், நீங்கள் அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்தே அதன் கணக்கு மாறிவிடும். நோட்டில் ஸ்குவாட் 40இலிருந்து 60க்குப் போய், இடுப்பு 82, 83இல் நின்று, எடை 65ஐத் தொட்டால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதற்கு 3 முதல் 4 மாதம் ஆகும். முதல் 6 வாரம் கண்ணாடியில் பெரிதாக எதுவும் தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில்தான் பலரும் மறுபடி வேறு வீடியோவுக்குப் போகிறார்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு விஷயம். தனியாக பெஞ்ச் பிரஸ் செய்தால் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள ரேக்குக்குள்ளேயே செய்யுங்கள், இல்லையென்றால் டம்பெல். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், தசை தாங்க முடியாத அளவு வீங்கி வலித்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை அது.

உங்கள் வலது தோளுக்கு வருகிறேன். பெரும்பாலும் முழங்கையை உடம்புக்கு நேர் குறுக்காக விரித்து கம்பியைக் கழுத்துப் பக்கம் இறக்குகிறவர்களுக்கு இந்த வலி வரும். முழங்கையை உடம்பிலிருந்து பாதி அளவுக்கு மட்டும் விலக்குங்கள், இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் சேர்த்து பெஞ்சில் அழுத்துங்கள், கம்பி மார்பின் கீழ்ப்பகுதியில் வந்து தொடட்டும். முதல் 2 வாரம் கம்பிக்குப் பதில் டம்பெல், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி பிடித்து, வலி வராத அளவு கனத்தில். அப்போதும் குறையவில்லை, அல்லது ராத்திரி அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை என்றால் தள்ளுகிற பயிற்சிகளை நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். ஸ்குவாட்டும் ரோவும் வலிக்காதவரை நிற்க வேண்டியதில்லை. எந்த ரெப்பில், எந்த இடத்தில் வலித்தது என்று நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.